காலணாவில் ஓர் எதிர்முகம்

கலசப்பாக்கம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் சாமி மாடத்தைத் துடைத்தால் இரண்டு மூன்று காலணாவாவது அகப்படும். ஒரு ரூபாய்க்கு 64 என்று எண்ணப்பட்ட காசு. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்ததும் அணாக் கணக்கு மெல்ல மறைந்தது. காசுகளை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

அப்படிப்பட்ட ஒரு காலணாவைச் சாய்ந்த வெயிலில் திருப்பிப் பார்க்கும் ஒருவருக்குச் சில சமயம் ஒரு சந்தேகம் வரும். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் ஆங்கிலத்தில் 'ஒன் குவார்ட்டர் அணா' என்ற எழுத்து. எழுத்து இருக்கும் பக்கத்தில், எழுத்துகளுக்கு நடுவே, ஒரு மெல்லிய கோடு வளைந்து ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது நெற்றி, மூக்கு, தாடி! மன்னரின் முகம் இந்தப் பக்கத்தில் எப்படி வந்தது? அதுவும் இடப்பக்கம் பார்க்கும் மன்னர் இங்கே வலப்பக்கம் பார்ப்பது ஏன்? கள்ளக் காசா? யாராவது கீறியதா? லட்ச ரூபாய்க்கு விலைபோகும் என்று சொல்கிறார்களே, அந்த அபூர்வக் காசா?

மூன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கோடு, நாணயச்சாலையில் ஒரு நொடியில் நடந்த விபத்தின் தடமாக இருக்கக்கூடும். அது விபத்துதானா என்பதை ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொஞ்சம் யோசனையும் வைத்துக்கொண்டு நாமே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு அச்சும் ஒரு வில்லையும்

காசு அடிக்க மூன்று பொருள் வேண்டும். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் எந்த உருவமும் இல்லாத வட்டத் தகடு. அந்தத் தகட்டை வில்லை என்போம். அச்சு இரண்டும் கடினப்படுத்திய எஃகு. வில்லை அதைவிட மிருதுவானது. காலணாவில் அது செம்போடு கொஞ்சம் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த வெண்கலம்.

காசில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் பள்ளம். காசின் வெறும் தரை, அதாவது உருவமோ எழுத்தோ இல்லாத சமதளம், அச்சில் மேடு. அச்சில் மிக உயரமான பகுதி அதன் வெறும் தரைதான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாமே இதிலிருந்து தானாக விளங்கும்.

இன்னொன்று. அச்சில் எல்லாமே இடவலம் மாறியிருக்கும். காசில் இடப்பக்கம் பார்க்கும் மன்னர் அச்சில் வலப்பக்கம் பார்ப்பார். அச்சு செதுக்குபவருக்கு இது அன்றாடப் பழக்கம்.

வில்லை வராத அடி

எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு வில்லை உள்ளே வந்து விழ வேண்டும். ஒரு முறை வில்லை சிக்கிக்கொள்கிறது, அல்லது தீர்ந்துபோகிறது. எந்திரத்துக்கு அது தெரியாது. மேல் அச்சு இறங்குகிறது. மிருதுவான வெண்கலம் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை எஃகும் எஃகும் நேருக்கு நேர் வாங்கிக்கொள்கின்றன. கொழுக்கட்டை அச்சில் மாவு வைக்காமல் இரண்டு பாதியையும் ஓங்கி மூடியது போல. இதை 'அச்சு மோதல்' என்போம். அதனால் அச்சில் பதியும் அடையாளம் 'மோதல் தடம்'.

எது எதில் பதியும்? மோதும்போது தொட்டுக்கொள்வது உயரமான பகுதிகள் மட்டும். ஆகவே ஓர் அச்சின் வெறும் தரை மற்ற அச்சின் வெறும் தரையைத் தாக்குகிறது. பள்ளமாக வெட்டிய மன்னரின் தலைக்கு எதிரே இருக்கும் இடத்தை எதுவும் தொடுவதில்லை. தாக்கப்பட்ட இடம் இம்மியளவு அமுங்குகிறது, தாக்கப்படாத இடம் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நுண்ணிய படி உண்டாகிறது. அந்தப் படியின் ஓரம்தான் மன்னரின் நெற்றியும் மூக்கும் தாடியும்.

இதனால்தான் மோதல் தடத்தில் முழு முகம் வருவதில்லை. கண் தெரியாது, காது தெரியாது, கிரீடத்தின் மணிகள் தெரியாது. வெளிக்கோடு மட்டுமே தெரியும். எதிர்ப்பக்கத்தில் மன்னரின் கண்ணும் மீசையும் தெளிவாகப் பதிந்திருக்கிற ஒரு காசை யாராவது காட்டினால், அது வேறு ஏதோ ஒன்று. அச்சு மோதல் அல்ல.

விபத்து நடந்த பிறகு வில்லை மறுபடி ஒழுங்காக வரத் தொடங்குகிறது. அச்சில் பதிந்துவிட்ட தடம் அதன்பின் அடிக்கப்படும் ஒவ்வொரு காசிலும் இறங்குகிறது. விபத்து ஒன்று, சாட்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

எழுத்து ஏன் திரும்பி நிற்கிறது

காசில் நேராக இருக்கும் எழுத்து, அச்சில் இடவலம் மாறியிருக்கும் என்று பார்த்தோம். அந்த அச்சு எதிர் அச்சின் மீது மோதும்போது ஒரு முறை திரும்பி, எதிர் அச்சில் நேராகப் பதிகிறது. அந்த எதிர் அச்சு வில்லையை அடிக்கும்போது இன்னொரு முறை திரும்புகிறது. ஆகவே காசில் நமக்குத் தெரியும் மோதல் தடம் எப்போதும் கண்ணாடியில் பார்ப்பது போல் மாறித்தான் இருக்கும். மேடாகவும் இருக்காது, மெலிதாகக் குழிந்திருக்கும்.

இது மிக வலுவான சோதனை. ஆனால் எல்லா எழுத்தும் இதற்கு உதவாது. 'குவார்ட்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அதில் யூ, ஏ, டி ஆகியவற்றைக் கண்ணாடியில் காட்டினாலும் அப்படியேதான் தெரியும். க்யூ, ஆர், ஈ ஆகியவைதான் குட்டை உடைக்கும். 'அணா' என்ற சொல்லை ஆங்கிலத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதில் சாட்சி சொல்வது நடுவில் உள்ள இரண்டு 'என்' எழுத்துகளின் சாய்வுக் கோடு மட்டும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஒரு காலணாவை எடுத்துக்கொள்வோம்

ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெண்கலக் காலணா ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் விட்டம். தலைப்பக்கத்தில் கிரீடம் சூடிய மன்னர், பெர்ட்ரம் மெக்கென்னல் என்ற சிற்பி வடித்த உருவம். பூப்பக்கத்தில் கொடி அலங்காரம், அதற்குள் முத்து கோத்தது போன்ற ஒரு வட்டம், வட்டத்துக்குள் காசின் மதிப்பு, நாட்டின் பெயர், ஆண்டு.

முதல் வேலை ஒளி. நேர் மேலிருந்து விழும் குழல் விளக்கில் மோதல் தடம் தெரியாது. காலை வெயில் ஜன்னலில் சாய்ந்து நுழையும் நேரமோ, மேசையோடு தாழ்த்திப் பிடித்த டார்ச்சோ வேண்டும். ஒளி பக்கவாட்டில் வந்தால்தான் அந்த நுண்ணிய படிக்கு நிழல் விழும். காசைத் தட்டில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். கீறல் என்றால் ஒரே ஒரு கோணத்தில் பளிச்சிட்டு மறையும். மோதல் தடம் என்றால் நிழல் பக்கம் மாறிமாறி விழும், ஆனால் கோடு அதே இடத்தில் நிற்கும்.

இரண்டாவது, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்ப்பது. மன்னரின் தலை நிமிர்ந்திருக்கும்படி காசின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரலால் பிடித்துக்கொண்டு, கதவைத் திருப்புவது போல் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்க எழுத்து நிமிர்ந்து நின்றால், மோதல் தடமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். எழுத்து தலைகீழாக நின்றால் தடமும் அதற்கேற்பத் தலைகீழாக இருக்க வேண்டும். எந்திரத்தில் இரண்டு அச்சும் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் இதில் பெரிதாக விலக முடியாது.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. காசின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, ஒரே அளவில் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கப் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மன்னரின் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் வரையுங்கள். பிறகு அந்தத் தாளைப் புரட்டிப் பூப்பக்கப் படத்தின் மேல் வையுங்கள். தாளைப் புரட்டியதால் மன்னர் இப்போது வலப்பக்கம் பார்ப்பார். விளிம்போடு விளிம்பு பொருத்திவிட்டு, காசில் தெரியும் மர்மக் கோடு பென்சில் கோட்டுக்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். மூக்கு நுனி, தாடியின் வளைவு, கழுத்தின் பின்பக்கம் ஆகிய மூன்றும் பொருந்தினால் தற்செயல் என்று சொல்ல வழியில்லை.

இதே சோதனையை எதிர்த்திசையிலும் செய்யலாம். பூப்பக்கத்து முத்து வட்டத்தையும் எழுத்துகளையும் வரைந்து, புரட்டி, மன்னர் பக்கத்தில் வைத்தால் வட்டத்தின் பெரும்பகுதி அவர் தலையின் மேல் விழும். அங்கே எதுவும் பதிந்திருக்காது. அந்த இடம் அச்சில் பள்ளம், எதிர் அச்சு எட்டவே முடியாது. வட்டத்தின் ஒரு துண்டு முகத்துக்கு முன்னால் உள்ள வெறும் தரையிலும், இன்னொரு துண்டு பிடரிக்குப் பின்னாலும் விழும். தேட வேண்டிய இடம் அந்த இரண்டும்தான். மேடான உருவத்தின் மேல் ஏறி ஓடும் கோடு மோதல் தடமாக இருக்கவே முடியாது. மன்னரின் கன்னத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எழுத்து பதிந்திருந்தால், காசு நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ செய்த வேலை அது.

தேய்ந்த காசிலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். புழக்கத்தில் முதலில் தேய்வது மேடான முடியும் காதும். மோதல் தடம் கிடப்பதோ வெறும் தரையில், எழுத்துகளின் மறைவில். மன்னரின் கண் அழிந்துபோன காசிலும் அவருடைய எதிர்முகக் கோடு மிஞ்சியிருக்கக் காரணம் அதுதான்.

மோதல் போலத் தெரியும் மூன்று

ஏமாற்றும் தோற்றங்களில் மிகப் பொதுவானது உலோகக் குறைவு. ஐந்தாம் ஜார்ஜின் உருவம் ஆழமாக வெட்டப்பட்டது. அடி விழும்போது வில்லையின் உலோகம் அந்த ஆழத்தை நிரப்ப ஓடிவிடுவதால் மறுபக்கத்தில் அதற்கு நேரே போதிய உலோகம் இல்லாமல் போகும். விளைவு, மறுபக்கத்தில் தலையின் வடிவில் மங்கலான ஒரு படலம். இங்கிலாந்தின் பென்னிக் காசில் இது பெரிய தலைவலியாகி, 1926இல் மன்னரின் உருவத்தைத் திருத்தினார்கள். 1928இல் தலையையே சிறிதாக்கினார்கள். இந்த நிழலும் இடவலம் மாறித்தான் இருக்கும், ஆகவே திசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேறுபாடு கூர்மையில் இருக்கிறது. உலோகக் குறைவின் நிழலுக்குத் தெளிவான ஓரம் கிடையாது, எழுத்துகள் அந்த இடத்தில் சொத்தையாக இருக்கும். மோதல் தடத்துக்குக் கத்தியால் வெட்டிய ஓரம் உண்டு, பக்கத்து எழுத்துகள் முழுமையாக இருக்கும்.

இரண்டாவது, ஒட்டிய காசு. அடித்த காசு ஒன்று வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அடிபடும். அப்போது ஒரு பக்கம் நேரான மன்னர், மறுபக்கம் அதே மன்னர் குழிந்து, கண் மூக்கு மீசையெல்லாம் சேர்ந்து, இடவலம் மாறி இருப்பார். அந்தப் பக்கத்துக்கு உரிய எழுத்து இருக்கவே இருக்காது. மோதல் தடம் உள்ள காசிலோ இரு பக்க உருவமும் குறையாமல் இருக்கும், தடம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது ஏமாற்று வேலை. இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெருக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதில் குழிந்து பதியும். வாங்குபவரிடம் 'அச்சுப் பிழை' என்று சொல்லி விற்பார்கள். இதைப் பிடிப்பது எளிது. நெருக்கும்போது முதலில் நசுங்குவது மேடான பகுதி. ஆகவே தடம் வெறும் தரையில் இல்லாமல் உருவத்தின் மேலேயே இருக்கும், அந்த இடம் தட்டையாகவும் இருக்கும். டிரேசிங் பேப்பரும் பொருந்தாது.

மோதல் தடம் உள்ள காசுகள் பெரும்பாலும் பெரிய விலை போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காசைவிடக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கலாம். கோடீஸ்வரராக்கும் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை நம்பிக் கைக்காசை இழக்காதீர்கள். இந்தத் தடத்தின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது.

அழிக்கப் போய் இழந்த கால்

மோதல் நடந்ததைக் கவனிக்கும் தொழிலாளி என்ன செய்வார்? அச்சைக் கழற்றி, தடம் மறையும் வரை அதன் தரையைத் தேய்ப்பார். தேய்க்கும்போது தரை தாழ்கிறது. தரை தாழ்ந்தால் ஆழம் குறைந்த பள்ளங்கள் காணாமல் போகும். அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937இல் இப்படித்தான் நடந்தது. ஐந்து சென்ட் காசின் அச்சில் இருந்த மோதல் தடத்தை அழிக்க அழுத்தித் தேய்த்ததில், அதில் இருந்த காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று போய்விட்டது. 'மூன்று கால் காட்டெருமை' என்று இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் காசு அது.

இதில் ஆய்வாளருக்கு ஒரு பெரிய பரிசு இருக்கிறது. ஒரே அச்சில் பிறந்த மூன்று காசுகள் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தடம் இல்லை. ஒன்றில் கூர்மையான தடம். இன்னொன்றில் தடம் மங்கி, மெல்லிய பகுதிகளும் சேர்ந்து அழிந்திருக்கின்றன. எது முதலில் அடித்தது, எது அடுத்தது, எது கடைசி என்று ஆண்டே எழுதாத காசிலும் வரிசைப்படுத்திவிடலாம்.

ராஜராஜன் காசுக்கு வந்தால்

ஆண்டு எழுதாத காசு என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது ராஜராஜ சோழனின் செப்புக்காசு. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். எந்திரம் இல்லாத காலம். கீழ் அச்சைக் கட்டையிலோ பட்டறைக் கல்லிலோ பதித்து, மேல் அச்சைக் கையில் பிடித்து, சுத்தியலால் அடித்தார்கள்.

கையால் அடித்தாலும் அச்சு மோதும். வில்லை நழுவினாலோ, ஓரத்தில் கிடந்தாலோ போதும். ஆனால் காலணாவுக்குச் சொன்ன இரண்டாவது சோதனை இங்கே செல்லாது. மேல் அச்சு பூட்டப்படவில்லை. அடிக்கு அடி கையில் சுழலும். மோதிய நொடியில் அது எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்தில் தடம் பதிந்துவிட்டது. அடுத்த காசு அடிக்கும்போது கோணம் வேறு. ஆகவே தடம் இருக்கும் பக்கத்து உருவத்தோடு ஒப்பிட்டால் அது எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் இருக்கும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் காசுக்குக் காசு மாறும். டிரேசிங் பேப்பரைப் புரட்டியபின் பொறுமையாகச் சுழற்றிச் சுழற்றிப் பொருத்த வேண்டும். நிற்கும் உருவத்தின் பக்கவாட்டில் நாகரி எழுத்தின் சாயல் கண்ணாடி பிம்பமாகத் தெரிந்தால், முதலில் ஒட்டிய காசா என்று சந்தேகப்படுங்கள். கைஅடிக் காலத்தில் அது அடிக்கடி நடப்பது. நிற்கும் உருவம் முழுதாக இருந்து, எழுத்தின் வெளிக்கோடு மட்டும் தரையில் கிடந்தால் மோதல் என்று சொல்லலாம்.

அதற்கும் முந்தைய காலத்துக்குப் போனால் கேள்வியே மாறும். செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் தமிழ் பிராமியில் 'சேந்தன்' என்ற பெயர் பொறித்த ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஈயம் குறைந்த சூட்டிலேயே உருகும். அத்தகைய காசில் முதலில் கேட்க வேண்டியது அச்சில் அடித்ததா, உருக்கி வார்த்ததா என்பது. வார்ப்புக் குழியில் மோதல் நடக்க வழியில்லை.

கோவிலூர்ப் பானை

2025 நவம்பரில், ஜவ்வாது மலைக் கோவிலூரில் பழைய சிவன் கோயிலின் திருப்பணிக்காகக் கருவறைப் பகுதியைத் தோண்டியபோது ஒரு மண்பானையும் அதற்குள் 103 பொற்காசுகளும் வெளிப்பட்டன. செய்தி வந்த நாளில் எல்லாரும் கேட்டது அதன் எடையும் விலையும். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த 103 காசில் எத்தனை ஒரே அச்சில் பிறந்தவை? அச்சுகளில் மோதல் தடமோ விரிசலோ தேய்ப்போ உண்டா? ஒரே அச்சின் காசுகள் பலவாக இருந்தால், நாணயச்சாலையிலிருந்து அதிகம் கைமாறாமல் பானைக்கு வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எல்லாம் வெவ்வேறு அச்சு என்றால், பல கை மாறிப் பல காலம் சேர்த்த பணம் என்று ஊகிக்கலாம். மலையூர் ஒன்றின் கோயிலுக்கு அந்தப் பொன் எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு, கல்வெட்டு பேசாத இடத்தில், காசின் வெறும் தரை பேசக்கூடும்.

அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒவ்வொரு காசின் இரு பக்கத்தையும் சாய்ந்த ஒளியில் படம் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். இது பெரிய செலவில்லை. மற்றது நம் கையில் இருக்கிறது. நிலத்தைக் கிளறும்போது பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாம்பல் போட்டு விளக்காதீர்கள். பளபளப்பு வரும், பல நூற்றாண்டு தாண்டி வந்த தடம் ஒரு நிமிடத்தில் போய்விடும். மண் ஒட்டியபடியே தாளில் மடித்து, கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுங்கள். மண்ணுக்குள் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்து சட்டம்.